கோர்ட் கமிஷனர் பார்த்த பள்ளிக்கூடம்

நான் பார்த்ததைத்தான் எழுதினேன்.

இந்த வாக்கியத்தை வாலிப வயதிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். இப்போது கே.கே. நகர் வீட்டில், முன்னறைக்கும் சமையலறைக்கும் இடையே நடந்துகொண்டே சொல்கிறேன். சர்க்கரைக்காக நடக்கிறேன் என்று வீட்டில் நினைக்கிறார்கள். நினைக்கட்டும். உட்கார்ந்தால் ஒரு பள்ளிக்கூடம் கண்முன்னால் வந்து நிற்கிறது. எழுந்துவிடுகிறேன்.

படிப்பு எல்லாக் குழந்தைகளுக்கும் அடிப்படை உரிமை, கிடைக்காவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம் என்று அரசியல் சட்டத்தைத் திருத்திய செய்தியைப் பத்திரிகையில் படித்த நாளிலிருந்து இந்த நடை அதிகமாகிவிட்டது. வக்கீலாக இருந்தவன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு முதலில் தோன்றியது வேறு. சரி, வழக்கு வரும். கோர்ட் யாரையாவது அனுப்பும். அவன் போய்ப் பார்த்து என்ன எழுதுவான்? பத்திரிகையை மடித்து வைத்தேன். மறுபடி பிரித்தேன். காப்பி ஆறிப்போயிற்று.

அறுபதாம் வருஷத்தை ஒட்டிய கதை. நான் திருச்சி கோர்ட்டில் புதிதாகத் தொழில் தொடங்கியிருந்தேன். வீடு ஸ்ரீரங்கத்தில், வடக்குச் சித்திரை வீதியில். கொள்ளிடக் கரையோரம் எங்களுக்கு ஒரு வாழைத்தோப்பு இருந்தது. கோர்ட் இல்லாத நாட்களில் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். போகிற வழியில் முனிசிபாலிட்டியின் ஆரம்பப் பள்ளி. ஒரே நீளக் கொட்டகை. பாதிக்கு ஓடு, பாதிக்குக் கீற்று. ஐந்து வகுப்பு. நான்கு ஆசிரியர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே வாத்தியார். மற்ற மூன்று பேரும் ஒவ்வொருவராக ஊருக்குள் இருந்த பள்ளிகளுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இடங்கள் நிரப்பப்படவே இல்லை. மிஞ்சியவர் ஐந்து வகுப்பையும் வரிசையாகத் தரையில் உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லவைப்பார். அவரும் எல்லா நாளும் இருக்க மாட்டார். ஜனத்தொகைக் கணக்கு என்றால் அவரைக் கூப்பிடுவார்கள். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்குக் காலரா ஊசி போடும் இடத்தில் சீட்டு எழுதவும் அவர்தான். அந்த நாட்களில் பள்ளி பூட்டியிருக்கும். பிள்ளைகள் எங்கள் தோப்பில் வாழைச்சருகை அள்ளி ஒருவர் மேல் ஒருவர் போட்டு விளையாடுவார்கள். இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டே போய்வந்தேன்.

தோப்பில் இலை அறுத்துக் கட்டும் அம்மா ஒருவர் இருந்தார். இலைக் குத்தகைக்காரரின் ஆள். அவர் புருஷன் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். ஒரே மகள், அந்தப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. இப்போது எழுதும்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அப்போது 'வா, போ' என்றுதான் பேசினேன். என்னைவிட வயதில் மூத்தவர்.

ஒருநாள் நுனியிலைகளை அடுக்கிக்கொண்டே கேட்டார்:

"சாமி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"எம்மவ வாய்ப்பாடு தலைகீழா ஒப்பிக்கிறா. அத விட்டா ஒண்ணும் தெரியல. பெரிய இஸ்கூல்ல சேக்கலாமுன்னு கூட்டிட்டுப் போனேன். பலகையில ஒரு கணக்கப் போட்டு இதுக்கு விட சொல்லுன்னாங்க. திருதிருன்னு முழிச்சா. இன்னொரு வருசம் அஞ்சாப்புலயே இருக்கட்டும்னு விட்டுட்டாங்க. அந்த வருசமும் இந்த ஒத்த வாத்தியாருதான்னா பொறவு கல்லுப் பட்டறைதான். அவங்கப்பா சொல்லிட்டாரு."

கல்லுப் பட்டறை என்றால் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டும் இடம். திருச்சியில் அப்போது தெருவுக்குத் தெரு இருந்தது. சுற்றும் சக்கரத்தில் சின்னக் கல்லைக் குச்சியில் ஒட்டிவைத்துப் பிடிக்க வேண்டும். சின்ன விரல்களுக்கு அங்கே கிராக்கி.

நான் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். படித்தவன் அல்லவா? சட்டம் பேசினேன்.

"நம்ம அரசியல் சட்டத்துல எழுதியிருக்கு. பதினாலு வயசு வரைக்கும் எல்லாக் குழந்தைக்கும் இலவசமாப் படிப்பு. அதுக்குப் பத்து வருஷம் கெடு. அந்தப் பத்து வருஷம் இப்போ முடிஞ்சு போச்சு."

அவர் அரிவாளைக் கீழே வைத்தார்.

"கெடு தாண்டிருச்சா?"

"தாண்டியாச்சு."

"எங்க தெருவுல வட்டிக்காரன் கெடு தாண்டினா அண்டாவத் தூக்கிட்டுப் போயிர்றான். கவர்மெண்டு கெடு தாண்டினா நாம எதச் சாமி தூக்குறது?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப கேக்கலாமா?"

"கேட்கலாம்" என்றேன்.

அது முழு உண்மை இல்லை. நாற்பத்தைந்தாவது பிரிவு அந்த வாக்குறுதியைத் தருகிறது. முப்பத்தேழாவது பிரிவு, இந்த அத்தியாயத்தில் உள்ள எதையும் கோர்ட்டில் கேட்க முடியாது என்கிறது. பந்தியில் உட்காரவைத்து இலையையும் போட்டுவிட்டு, சாதம் மட்டும் கேட்கக் கூடாது என்பது போல. சட்டப் பரீட்சையில் இதைப் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால், அதுவரை நான் பேசிய பேச்சின் அழகு கெட்டுவிடும்.

வழக்கை நான் எடுக்கவும் இல்லை. முனிசிபாலிட்டிக்கு எதிராக என் பெயர் போக வேண்டாம் என்று நினைத்தேன். மேலப்புதூரில் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த என் நண்பனிடம் அனுப்பினேன். கல்லூரியில் என்னோடு படித்தவன், என்னோடு வக்கீலானவன். மறுநாள் கோர்ட் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"டேய், முப்பத்தேழைச் சொல்லாமலேயா அந்த அம்மாவை அனுப்பினே?"

"நீ சொல்லிக்கோ."

"சொன்னேன். 'தோக்குமுன்னு நெனச்சா யாருதான் கேஸு போடுவா? போடுங்க'ன்னாங்க. தெருவே வந்து நிக்குது. பீஸ் வேண்டாம்னுட்டேன். மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போய் ரிட் மனு போட ரயில் சார்ஜுக்கு வழி இல்லை. முன்சீப் கோர்ட்லயே போடறேன். ஜெயிக்கிறோமோ இல்லையோ, ஒரு நாள் எவனாவது கேட்டான்னு இருக்கட்டும்."

போட்டான். அந்தத் தெருப் பெற்றோர்கள் எல்லோருக்காகவும் அந்த அம்மாவின் பெயரில் வழக்கு. பள்ளிக்கு உரிய ஆசிரியர்களை அனுப்ப முனிசிபாலிட்டிக்கு உத்தரவிட வேண்டும் என்பது கோரிக்கை.

முனிசிபாலிட்டிக்கு ஆஜரானவர் எங்கள் வீதிக்காரர். பெரியவர். மூக்குப்பொடி டப்பாவைச் சுண்டு விரலால் தட்டிக்கொண்டே பேசுவார். முப்பத்தேழாவது பிரிவைப் படித்துக் காட்டிவிட்டு, அவ்வளவுதான் என்று உட்கார்ந்துவிட்டார். முன்சீப் வேற்று ஊர்க்காரர், அதிகம் பேசாதவர். அவர் சொன்னது எல்லோருக்கும் ஆச்சரியம்: அரசியல் சட்டத்தை வைத்து நான் உத்தரவு போட முடியாது. அந்தக் கதவு சாத்தியிருக்கிறது. ஆனால் முனிசிபாலிட்டி ஒரு பள்ளியைத் திறந்திருக்கிறது, கல்வி வரி வாங்குகிறது. திறந்த பள்ளியை நடத்துகிறதா, இல்லையா? நடத்தவில்லை என்று தெரிந்தால் என் கையில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறேன். முதலில் உண்மை நிலை தெரிய வேண்டும்.

அதற்காக ஒரு கமிஷனரை நியமித்தார். வெளியார் பலருக்கு இந்த வழக்கம் தெரியாது. நீதிபதி தானே போய்ப் பார்க்க மாட்டார். ஓர் இளம் வக்கீலை அனுப்புவார். அவன் போய், பார்த்து, அறிக்கை எழுதித் தருவான். அந்த ஒரு காரியத்துக்கு அவன்தான் கோர்ட்டின் கண். வேலிச் சண்டை, சுவர்ச் சண்டை எல்லாவற்றுக்கும் இப்படித்தான். புதிய வக்கீல்களுக்குச் சோறு போடுவதே இந்தக் கமிஷன்கள்தான். கட்டணத்தைக் கோர்ட்டில் கட்டுவது வழக்குப் போட்டவர்கள். ஆக, அந்தத் தெருக்காரர்கள் எனக்குக் கட்டினார்கள்.

ஆமாம், முன்சீப் சொன்ன பெயர் என்னுடையது.

அந்த இடத்தில் நான் எழுந்து, "இந்தப் பள்ளி எனக்குத் தெரிந்தது, வழக்குப் போட்டவர் எங்கள் தோப்பில் வேலை செய்கிறவர், வேறு ஆளைப் போடுங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். எழுந்தேன். "மச் ஒப்ளைஜ்ட்" என்று தலை குனிந்தேன். உட்கார்ந்தேன். நண்பன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். நல்ல ஆளாக அமைந்தது என்று அவன் நினைத்திருக்க வேண்டும்.

உத்தரவில் இரண்டு சொற்றொடர்கள் முக்கியமானவை. இரு தரப்புக்கும் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் பார்வையிட வேண்டும். அதன் பின் தேவைப்பட்டால் கமிஷனர் எத்தனை முறை வேண்டுமானாலும் தானாகப் போய்ப் பார்க்கலாம். முதலாவதை எழுத்துப் பிசகாமல் செய்தேன்.

குறித்த நாளில் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன். சைக்கிளில் போகவில்லை, குதிரை வண்டி வைத்துக்கொண்டேன். பள்ளி வாசலில் கோலம். கொட்டகைக்குள் பெஞ்சுகள். சுவரெல்லாம் வெள்ளை. நான்கு கரும்பலகைகளுக்கு முன்னால் நான்கு ஆசிரியர்கள். எண்ணெய் வைத்து வாரிய தலைகளோடு பிள்ளைகள் பெஞ்சில், கால் தரையில் எட்டாமல் ஆட்டிக்கொண்டு. பின்பக்கம் மதிய உணவுக்குச் சாம்பார் கொதிக்கும் வாசனை. பழைய வாத்தியார் தன் பள்ளியிலேயே விருந்துக்கு வந்தவர் போல ஓரமாக நின்று, என்னைப் பார்த்துப் பாதி சிரித்து, மீதியை விழுங்கிக்கொண்டார்.

வேலிக்கு வெளியே தெரு நின்றது. அந்த அம்மா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்களா சாமி கமிஷனரு? அப்பாடி! எல்லாரும் எவன் வரப்போறானோன்னு கெதக்குன்னு இருந்தாங்க. ஏய், நம்ம தோப்பு சாமிதாண்டி! வாரா வாரம் இந்த வழியாப் போறவருதான்!"

நான் சொன்னது இது: "அம்மா, இப்போ நான் கோர்ட் கமிஷனர். சொல்ல வேண்டியதை உங்க வக்கீல் மூலமாச் சொல்லுங்கோ."

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவரை 'நீங்கள்' என்றேன். அவர் ஒரு அடி பின்னால் போனார்.

நண்பன் கூட்டத்துக்கு முன்னால் வந்து, மரியாதையாகவே கேட்டான்: "கமிஷனர் சார், இந்த மூணு ஆசிரியர்களும் நேத்து எந்த ஸ்கூல்ல பாடம் எடுத்தாங்கன்னு அவங்களைக் கேட்டுப் பதிவு பண்ணணும்."

பொடி டப்பா தட்டப்பட்டது. "ஓய், விசாரணை நடத்தறதுக்கா அனுப்பியிருக்கா? பார்க்கறதுக்குன்னா அனுப்பியிருக்கா! கமிஷனரே, கண்ணால கண்டதை எழுதும். காதால கேட்டது வேண்டாம். மனசால நெனைச்சது வேண்டவே வேண்டாம்."

"அது உத்தரவில் இல்லை" என்று நண்பனிடம் சொன்னேன்.

அப்போது ஒன்று நடந்தது. ஐந்தாம் வகுப்புக்கு வந்திருந்தவர் ஒரு டீச்சர், இளம் வயது. எங்களை மறந்துவிட்டு நிஜமாகவே பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். பின்னக் கணக்கு. கால் பெரிதா, அரைக்கால் பெரிதா என்றால் பிள்ளைகள் எல்லோரும் அரைக்கால் என்கிறார்கள். இரண்டு சொல் சேர்ந்தால் பெரிதாகத்தானே இருக்க வேண்டும்? டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்தார். முதல் பெஞ்சில் ரிப்பன் கட்டிய பெண் ஒருத்தி எழுந்து வெளியே ஓடினாள். வேலியோரம் இருந்த இலைக்கட்டிலிருந்து ஓர் இலையை உருவிக்கொண்டு வந்து நீட்டினாள். அம்மாவின் கட்டு. டீச்சர் அதை இரண்டாகக் கிழித்து அரை என்றார். மறுபடி கிழித்துக் கால். இன்னொரு தரம் கிழித்ததும் அந்தப் பெண், "அய்ய, அரைக்கால் இத்துணூண்டா!" என்று கத்திவிட்டாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. வேலிக்கு வெளியே அவள் அம்மாவும் சிரித்தார். அந்தப் பெண் அதோடு விடவில்லை. அரைக்காலையும் காலையும் சேர்த்தால் என்ன வரும், டீச்சர்? மூன்று அரைக்கால், சரியா டீச்சர்? தானே கேட்டுத் தானே சொன்னாள். ஒரு குழந்தைக்குக் கணக்குத் திறந்துகொள்வதை என் கண்ணால் பார்த்தேன். பெரியவரும் பொடி டப்பாவைத் தட்ட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கோட்டை வாங்கி மாட்டப் போனவள் நின்றுவிட்டாள்.

"எங்கே போய்ச் சாஞ்சுண்டேள்? முதுகு பூரா சுண்ணாம்பு."

"ஸ்கூல் சுவர்."

"ஈரமா இருக்கே! இன்னிக்கேதான் அடிச்சிருக்கா போலிருக்கு. நீங்க பார்க்கலையா?"

"கவனிக்கலை."

"முதுகுல அப்பிண்டு வந்திருக்கு, கவனிக்கலையாம்" என்று சொல்லிவிட்டு, துணியை நனைத்துக்கொண்டு வந்து துடைத்தாள். கறுப்புத் துணியில் சுண்ணாம்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. துடைக்கத் துடைக்கப் பரவியது.

இவ்வளவு காலமாக, பார்த்ததைத்தான் எழுதினேன் என்று சொல்லிவந்தேன் அல்லவா? அதுகூடப் பொய். ஈரச் சுவரைப் பார்த்தேன். டீச்சர் சாக்குக்கட்டி இருக்கும் இடம் தெரியாமல் தேடியதைப் பார்த்தேன். பெஞ்சின் பக்கவாட்டில் வேறொரு பள்ளியின் பெயர் பெயிண்டில் எழுதியிருந்ததையும் பார்த்தேன். இவை காதால் கேட்டவையும் இல்லை, மனதால் நினைத்தவையும் இல்லை.

மறுநாள் காலை கோர்ட்டுக்குப் போகும் முன் தோப்புக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால், தார் வெட்டுவதைப் பார்க்க என்று சொல்லியிருப்பேன். வெட்டுவதற்குத் தார் எதுவும் இல்லை. இருப்புக் கொள்ளாமல் போனேன். பள்ளி வாசலில் மாட்டு வண்டி ஒன்று நின்றது. பெஞ்சுகளைக் கவிழ்த்து அடுக்கிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒரே வாத்தியார். பிள்ளைகள் வழக்கம்போலத் தரையில் நீள வரிசையாக இருந்தார்கள். ஒருத்தி மட்டும் வரிசையில் சேரவில்லை. நேற்று முதல் பெஞ்சு கிடந்த இடத்தில், தரையில், கரும்பலகையைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்திருந்தாள். இன்றும் ரிப்பன் கட்டியிருந்தாள். மடியில் ஒரு வாழையிலை, சுருட்டியபடி.

சைக்கிளைப் பார்த்து எழுந்து ஓடிவந்தாள்.

"சார், இன்னிக்கும் பாக்க வந்தீங்களா?"

"இல்லே. தோப்புக்குப் போறேன்."

"நீங்க வந்தாத்தான் டீச்சர் வருவாங்களா?"

பெடலை மிதித்தேன்.

அன்று மத்தியானம் கோர்ட்டுக்கு எதிரே இருந்த காப்பிக் கடையில் நண்பன் வந்து உட்கார்ந்தான்.

"உத்தரவைப் படிச்சேல்ல? எத்தனை தடவை வேணும்னாலும் போகலாம்னு இருக்கு. நோட்டீஸ் கொடுக்காம ஒரே ஒரு தரம் போ. பத்து நிமிஷம். பார்த்ததை எழுது. போதும்."

"அப்புறம் பட்சபாதம்னு சொல்லுவா."

"நேத்து நடந்தது நாடகம்னு உனக்குத் தெரியும்டா."

"தெரிஞ்சதை எழுத முடியாது. பார்த்ததைத்தான் எழுத முடியும்."

அவன் டபராவில் காப்பியை ஆற்றினான். நீண்ட நேரம் ஆற்றினான்.

"நல்லா வருவே" என்றான். "பெரிய வக்கீலா வருவே நீ."

அதற்குப் பிறகு அவன் என்னை 'டேய்' என்று கூப்பிட்டதில்லை. கடைசி வரை 'சார்'தான்.

ஏன் போகவில்லை? போனால் காலையிலேயே போய்ப் பார்த்ததையும் எழுத வேண்டும். வழக்குப் போட்டவரை எனக்குத் தெரியும் என்பதும், அவருக்கு இந்த யோசனையைக் கொடுத்ததே நான்தான் என்பதும் வெளியே வரும். எங்கள் வீதிப் பெரியவர் என்னோடு முகம் கொடுத்துப் பேச மாட்டார். அடுத்த கமிஷனுக்கு முன்சீப் வேறு பெயரைச் சொல்வார். இவை எல்லாம் பயம், பயத்தைக்கூட மன்னித்துவிடலாம். இன்னொன்று இருந்தது. அந்த அறிக்கை மனதுக்குள் ஏற்கெனவே சுத்தமான ஆங்கிலத்தில் எழுதி முடிந்திருந்தது. ஒரு பிசிறு கிடையாது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. தோப்பில் முப்பத்தேழாவது பிரிவைச் சொல்லாமல் விட்டதற்கும் இதே புத்திதான் காரணம்.

"பார்வையிட்ட நேரத்தில் நான்கு ஆசிரியர்கள் பணியில் இருந்தனர். வகுப்புகள் நடைபெற்றுக்கொண்டிருந்தன. பெஞ்சுகள் இருந்தன. சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டிருந்தன. மதிய உணவு தயாராகிக்கொண்டிருந்தது." இதுதான் சாரம். 'பார்வையிட்ட நேரத்தில்' என்ற சொற்களில் ஒளிந்துகொண்டேன். வக்கீல்களுக்கு அங்கே தங்க இடம் உண்டு.

நண்பன் ஆட்சேபணை போட்டான். முன்சீப் கோர்ட்டில் என்னைப் பார்த்து, "அறிக்கையில் சேர்க்க வேறு ஏதாவது உண்டா?" என்று கேட்டார். கோர்ட்டில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் என்னைத்தான் கேட்கிறார்கள் என்பது தெரிந்து, கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"இல்லை" என்றேன்.

வழக்குத் தள்ளுபடி. சட்டப்படி கேட்க இடமில்லை; கமிஷனர் அறிக்கைப்படி குறையும் இல்லை. முன்சீப்பைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு நான் கொடுத்த கண் அது. நான் உள்ளபடி எழுதியிருந்தால் அந்த வழக்கு ஜெயித்திருக்குமா? தெரியாது. மேல்கோர்ட்டில் முப்பத்தேழைக் காட்டி உடைத்திருக்கலாம். ஆனால் ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்குள் இன்னொரு ஆசிரியராவது வந்திருப்பார் என்று நண்பன் நம்பினான். அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டதும் அதுதான்: ஒரு வருஷம், ஓர் ஆசிரியர்.

சில வாரங்கள் கழித்துத் தோப்பில் அந்த அம்மாவைப் பார்த்தேன். வேலையை விட்டிருப்பார் என்று நினைத்திருந்தேன். இலை அறுத்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்து நின்றேன்.

"வாங்க சாமி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, இலையைப் பார்த்தபடியே கேட்டார்: "மறுபடி எப்ப கமிஷனரு வருவீங்க?"

"வேலை முடிஞ்சு போச்சே."

"ஒண்ணுமில்ல, எப்ப வருவீங்கன்னு முன்னாடியே சொன்னீங்கன்னா அன்னிக்கு மட்டும் பட்டறையிலேருந்து புள்ளைய அனுப்பி வைப்பேன். அன்னிக்கு ஒருநா படிச்சா பாருங்க, அரைக்கால் கால்னு வீட்டுல சோத்தக்கூடப் பிரிச்சுப் பிரிச்சு வச்சா. தோசையக் கிழிச்சுக் கணக்குச் சொன்னா. இப்ப சொல்றதில்ல."

கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டுத் தலையில் தூக்கிவிடச் சொன்னார். தூக்கிவிட்டேன். போனார். அந்தத் தோப்பை நாங்கள் விற்கும் வரைக்கும் அவர் வந்து இலை அறுத்துக்கொண்டுதான் இருந்தார். வேறு எதுவும் என்னிடம் கேட்டதில்லை.

நண்பன் சொன்னபடியே நன்றாக வந்தேன். கமிஷன்கள் நிறைய வந்தன. நம்பகமான ஆள் என்று பெயர். ஐந்தாறு வருஷம் கழித்து அப்படி ஒன்றுக்காக, உறையூர்ப் பக்கம் ஒரு கல்லுப் பட்டறைக்குப் போனேன். அண்ணன் தம்பிக்குள் பாகப் பிரிவினை வழக்கு. பட்டறையில் உள்ள சக்கரங்களை எண்ணிக்கொண்டு வரச் சொல்லி உத்தரவு. ஜன்னல் பக்கம் தரையோடு தரையாகச் சக்கரங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் குனிந்த ஒரு தலை. அவற்றில் ஒன்று அந்தப் பெண்ணுடையது. வளர்ந்திருந்தாள். தாவணி போட்டிருந்தாள். விரல் நுனிகள் வெளுத்திருந்தன. என்னைப் பார்த்தாள், அடையாளம் தெரிந்துவிட்டது. வணக்கம் சொல்லவில்லை. முதலாளி என் பின்னால் வந்து, "எண்ணிக்குங்க சார்" என்றார். அவள் நகர்ந்து, சக்கரம் எனக்குத் தெரியும்படி வழிவிட்டாள். எண்ணினேன். கோர்ட் சக்கரங்களைத்தான் கேட்டிருந்தது. சுற்றுகிறவர்களைக் கேட்கவில்லை. வெளியே வந்து வண்டியில் ஏறாமல் காவிரிப் பாலம் வரை நடந்தேன். பாலத்தில் நிற்கவும் முடியாமல் ஸ்ரீரங்கம் வரைக்கும் நடந்தே போனேன்.

இப்போது அது உரிமை. கேட்கலாம். கேட்க முடியாது என்று சொல்லும் பிரிவு அந்த உரிமையைத் தொடாது. நண்பன் உயிரோடு இருந்திருந்தால், எவனோ கேட்டான் என்று ஆயிற்றே என்பான். நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் உரிமை கோர்ட்டுக்குப் போனால், கோர்ட் என்னைப் போல ஒருவனை அனுப்பும். அவன் நோட்டீஸ் கொடுப்பான். சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். இளம் வக்கீல்களைப் பார்க்கும்போது ஒன்றுதான் சொல்கிறேன்: இரண்டாம் தடவை போங்கள். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனைப் பார்க்கிறார்கள். தாத்தா ஏதோ சொல்கிறார்.

அந்த அறிக்கையைத் திருத்த இனி வழியில்லை. கேட்ட முன்சீப் இல்லை, பெரியவர் இல்லை, நண்பன் இல்லை. அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று விசாரித்துப் பார்த்தேன், தெரியவில்லை. இருந்தாலும், வேறு ஏதாவது உண்டா என்று அன்று கேட்டார்கள். இல்லை என்றேன். உண்டு.

சுவர் ஈரமாக இருந்தது. பெஞ்சில் வேறு பள்ளியின் பெயர் இருந்தது. மறுநாள் காலை ஒரே ஆசிரியர் இருந்தார்; பெஞ்சுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, முதல் பெஞ்சு இருந்த இடத்தில், தரையில், கையில் இலையோடு டீச்சருக்காகக் காத்திருந்தாள். இவ்வளவும் நான் கண்ணால் கண்டது.